உரத்தவையும் அடங்கியவையும்

வானியலாளர்கள் குவாசார்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ரேடியோ அலைகளில் உரத்தவை ஒரு வகை. அமைதியானவை இன்னொரு வகை. யாரும் கெட்ட எண்ணத்தோடு வைத்த பெயர்கள் இல்லை இவை. ஆனாலும் ‘மெதுவாப் பேசு’, ‘பொம்பளப் பிள்ளைக்கு என்ன இவ்வளவு குரல்’ என்று கேட்டு வளர்ந்தவர்களின் காதில் இந்தச் சொற்கள் வேறு விதமாகத்தான் விழும்.

நான் தமிழ் படித்தவள், தமிழ் சொல்லிக்கொடுப்பவள், கவிதை எழுதுபவள். குவாசாரோடு எனக்கு என்ன வேலை என்று துறையிலேயே கேட்டார்கள். எங்கள் கல்லூரி இயற்பியல் துறையில் எனக்கு ஒரு தோழி உண்டு. என்னைவிடப் பத்து வயது இளையவள். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வருகிற மாணவிகளுக்காக வானியல் கையேடு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தாள். “அக்கா, சொல் மட்டும் பாத்துக் குடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்” என்று நாற்பது பக்கத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அமைதியான வகைக்கு ‘ரேடியோ மௌனம்’ என்று எழுதிக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். “மௌனம்னா ஒண்ணுமே இல்லன்னு ஆயிரும். அதுவும் அனுப்புதுக்கா. கம்மியா அனுப்புது. நம்ம கருவிக்குச் சட்டுனு எட்டல, அவ்வளவுதான்.” அந்தப் பதிலுக்குப் பிறகு சொல்லோடு என் வேலை முடியவில்லை. மீதிப் பக்கங்களையும் வாசிக்கத் தொடங்கினேன்.

அதில் எனக்குப் புரிந்ததை என் மொழியில் சொல்கிறேன். பெரிய விண்மீன் திரள்களின் நடுவே ஒரு ராட்சதக் கருந்துளை இருக்கிறது. நம் சூரியனைப் போல் பத்து லட்சம் மடங்கு முதல் பல நூறு கோடி மடங்கு வரை நிறை கொண்டது. அதைச் சுற்றியிருக்கும் வாயுவும் தூசியும் சுழன்றுகொண்டே உள்ளே விழும்போது சூடேறி ஒளிர்கின்றன. அப்படி நடுப்பகுதி ஒளிரும் திரள்களைச் செயல்மிகு விண்மீன் திரள்கள் என்கிறார்கள். அவற்றிலும் நடுப்பகுதி திரள் முழுவதையும் மங்கடிக்கும் அளவுக்கு ஒளிர்ந்தால் அது குவாசார். சிலவற்றில் விழுகிற பொருளின் ஒரு பங்கு உள்ளே போகாமல், ஏறக்குறைய ஒளியின் வேகத்தில், எதிரெதிர்த் திசைகளில் இரண்டு தாரைகளாகப் பீறிட்டு வெளியேறுகிறது. அந்தத் தாரைகளில் இருக்கும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுருள் சுருளாக ஓடும்போது உண்டாவதுதான் நமக்கு வந்து சேரும் ரேடியோ அலை.

எவ்வளவு ரேடியோ வந்தால் உரத்தது? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் ரேடியோ வீச்சை, அதே பொருளிலிருந்து வரும் நீல ஒளியின் வீச்சால் வகுக்கிறார்கள். விடை 10க்கு மேல் போனால் உரத்தது, இல்லாவிட்டால் அமைதியானது. பத்துக் குவாசார்களில் ஏறக்குறைய ஒன்றுதான் உரத்த வகை. மீதி ஒன்பதும் ஊமை இல்லை. ஒளியோடு ஒப்பிடும்போது அவற்றின் ரேடியோ குறைவு, அவ்வளவுதான்.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பெண்ணியவாதி டேல் ஸ்பெண்டர், 1980இல் வெளிவந்த தன் நூலில், பெண்களின் பேச்சு ஆண்களின் பேச்சோடு ஒப்பிடப்படுவதில்லை, மௌனத்தோடுதான் ஒப்பிடப்படுகிறது என்று வாதிட்டார். எந்தத் துறைக் கூட்டத்திலும் இதைப் பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம் நடந்த ஒரு கூட்டத்தில் நான் இரண்டு முறை வாய் திறந்தேன். வெளியே வரும்போது மூத்த ஆசிரியர் ஒருவர், “மேடம் இன்னைக்கு ஃபுல் ஃபார்ம்ல இருந்தாங்க” என்றார். அவர் தனியாக அரை மணி நேரம் பேசியிருந்தார். என்னுடைய இரண்டு நிமிடம் அவருடைய அரை மணி நேரத்தால் வகுக்கப்படவில்லை. பூஜ்ஜியத்தால் வகுக்கப்பட்டது.

*

இந்த ரேடியோ அலைகளை முதலில் கேட்டவர்கள் யார் என்று தேடிப்போனால், தொடக்கத்திலேயே ஒரு பெண் நிற்கிறார். ரூபி பெய்ன்-ஸ்காட். 1912இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். இயற்பியல் படித்து, 1941இல் சிட்னியில் அரசின் ரேடியோ இயற்பியல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அது போர்க்காலம். ரேடார் ஆராய்ச்சிக்கு ஆள் தேவைப்பட்டதால் பெண்களையும் எடுத்தார்கள்.

போர் முடிந்ததும் அந்த ஆய்வகத்தின் ஒரு குழு ரேடார் ஆண்டெனாக்களை வானத்தை நோக்கித் திருப்பியது. சிட்னியின் கிழக்குக் கரையில் டோவர் ஹைட்ஸ் என்ற இடத்தில் கடலை ஒட்டிச் செங்குத்தான பாறை இருக்கிறது. அதன் உச்சியில் ஒரு ஆண்டெனா. சூரியன் உதிக்கும் நேரத்தில் அதிலிருந்து ரேடியோ அலை நேராக ஒரு வழியில் வரும், கடல் பரப்பில் பட்டுத் தெறித்து இன்னொரு வழியிலும் வரும். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டால் அலை எந்த இடத்திலிருந்து புறப்பட்டது என்று துல்லியமாகச் சொல்லலாம். 1946 ஜனவரி 26 அன்று அதிகாலையில் இந்த முறையில் சூரியனை அளந்தவர் ரூபி. வானியலில் ரேடியோ குறுக்கீட்டு முறை கையாளப்பட்ட முதல் தருணம் அது. இதைப் பற்றி மெக்ரெடி, பாசி, பெய்ன்-ஸ்காட் மூவரும் எழுதிய கட்டுரை 1947இல் வந்தது. பல அளவீடுகளைச் சேர்த்து ஒரு படத்தையே கணிதத்தால் உருவாக்க முடியும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. இன்று உலகத்தின் பெரிய ரேடியோ தொலைநோக்கி வரிசைகள் பலவும் அந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன.

அதே பாறை உச்சியில், அதே கடல் தெறிப்பு முறையை வைத்து, போல்ட்டன், ஸ்டான்லி, ஸ்லீ என்ற மூவர் 1949இல் மூன்று ரேடியோ மூலங்களின் இடத்தைக் குறித்தார்கள். அவற்றில் இரண்டு நம் பால்வெளிக்கு வெளியே உள்ள திரள்கள் என்று தெளிவானது. ஒன்று கன்னி விண்மீன் குழுவில் இருக்கும் எம்87. இன்னொன்று சென்டாரஸ் ஏ. ரேடியோ விண்மீன் திரள் என்ற சொல்லே அதற்குப் பின் வந்ததுதான். அந்தக் கண்டுபிடிப்பில் ரூபிக்குப் பங்கு உண்டு என்று நான் சொல்லவில்லை. அவர் அப்போது சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் முதலில் நடந்த பாதை அது.

அந்த ஆண்டுகள் முழுவதும் அவர் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டிருந்தார். 1944இல் அவருக்குத் திருமணம் ஆகியிருந்தது. அன்றைய ஆஸ்திரேலிய அரசுப் பணி விதிப்படி, திருமணமான பெண் நிரந்தரப் பணியில் இருக்க முடியாது. ஆகவே அலுவலகத்துக்கு அவர் ‘மிஸ்’ பெய்ன்-ஸ்காட்டாகவே போய் வந்தார். 1950இல் விஷயம் நிர்வாகத்துக்குத் தெரிந்தது. நிரந்தரப் பணி போயிற்று, ஓய்வூதிய உரிமையும் போயிற்று. தற்காலிக ஊழியராகத் தொடர்ந்தார். அந்த விதி தவறு என்று மேலதிகாரிகளுக்கே எழுதினார். 1951இல் கருவுற்றிருந்தபோது வேலையை விட்டார், ஏனென்றால் பேறுகால விடுப்பு என்று ஒன்று இல்லை. திருமணமான பெண்களுக்கான அந்தத் தடை 1966இல்தான் நீங்கியது. அதற்குள் ரூபி இரண்டு பிள்ளைகளின் தாய், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ரேடியோ வானியலில் அவர் உழைத்தது ஏறத்தாழ ஆறே ஆண்டுகள்.

*

அவர் திருமணத்தை மறைத்தார். நான் மறைத்தது ‘விசேஷத்தை’.

அப்போது ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளராக இருந்தேன். பதினோரு மாத ஒப்பந்தம். ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிப்பார்கள். முதல் நேர்காணலிலேயே, “கல்யாணமாகி எத்தனை வருஷம்? இப்போதைக்கு விசேஷம் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த எல்லாப் பெண்களும் அந்தக் கேள்வியைக் கடந்துதான் உள்ளே வந்திருந்தார்கள். கேட்டதில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அக்கறையாகக் கேட்கிற தொனியில்தான் கேட்டார்கள்.

மூன்றாம் ஆண்டில் கருவுற்றேன். ஐந்தாம் மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்லவில்லை. கஞ்சி போட்ட பருத்திப் புடவையை விறைப்பாகக் கட்டிக்கொண்டு, வருகைப் பதிவேட்டை வயிற்றோடு அணைத்தபடி நடப்பேன். நான்கு மணி நேரம் நின்றுகொண்டே பாடம். அங்கே வகுப்பில் ஆசிரியருக்கு நாற்காலி போடும் வழக்கமில்லை. ஒரு நாள் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குள் நுழைந்தபோது மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. மறுநாளும் இருந்தது. மாணவிகள் யாரும் எதுவும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நிர்வாகத்துக்கு எட்டாத செய்தி பத்தொன்பது வயதுப் பெண்களுக்கு எட்டியிருந்தது.

பிறகு தெரியத்தான் செய்தது. என்னை யாரும் நீக்கவில்லை. “நல்லபடியா பெத்துப் பொழைச்சு வாங்க மேடம், பாத்துக்கலாம்” என்று இனிமையாகச் சொன்னார்கள். ஜூனில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கைக்குழந்தையோடு போய்க் கேட்டபோது என் இடத்தில் வேறு ஒருவர் இருந்தார். கருவுற்றதற்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன்கள் சட்டம் சொன்னது. 2017 முதல் 26 வாரச் சம்பள விடுப்பும் அந்தச் சட்டத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் நிரந்தர அரசு ஊழியராக இருக்கும் பெண்ணுக்கு 2021இலிருந்து ஓராண்டு விடுப்பு. ஆனால் பதினோரு மாத ஒப்பந்தத்துக்கு ‘நீக்கம்’ என்ற சொல்லே தேவைப்படுவதில்லை. தேதி முடிகிறது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் அன்று அதை விதியாக எழுதி வைத்திருந்தார்கள், அதனால் பிறகு அழிக்க முடிந்தது. எழுதி வைக்காத விதியை எங்கே போய் அழிப்பது?

வீட்டில் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளில் ஆய்வேட்டை முடித்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். முடிக்கவில்லை. ஒரு வரியும் எழுதவில்லை. முனைவர் பட்டம் அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து வந்தது. தடைகளைப் பெண்கள் எப்படியாவது கவிதையாக்கிவிடுவார்கள் என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

*

ரேடியோ திரள்களுக்குத் திரும்புகிறேன். 1953இல் இங்கிலாந்தில் ஜெனிசனும், கல்கத்தாவிலிருந்து போயிருந்த மிருணாள் குமார் தாஸ் குப்தாவும் சிக்னஸ் ஏ என்ற ரேடியோ மூலத்தை நுணுக்கமாக அளந்தபோது, அது ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்தது. 70 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கும் ஒரு திரளின் இரு பக்கமும், திரளுக்கு வெகு தூரம் வெளியே, இரண்டு பெரிய ரேடியோ மேகங்கள். தாரைகள் பல லட்சம் ஒளியாண்டு ஓடிப்போய் முட்டிப் பரவிய இடங்கள் அவை. ஆங்கிலத்தில் அவற்றைக் காதின் கீழ்ப்பகுதிக்கு வைத்த பெயரால் அழைக்கிறார்கள். தமிழில் ‘மடல்’ என்று எழுதலாம் என்றேன். காது மடல் என்கிறோம், வாழை மடல் என்கிறோம், தாழை மடல் என்கிறோம். மடல் என்றால் கடிதமும்தான். தோழிக்கு மிகவும் பிடித்துவிட்டது.

தமிழ் படித்தவளுக்கு மடல் என்றால் மடலேறுதலும் நினைவுக்கு வரும். காதலைச் சொல்ல முடியாதவன் பனை மட்டையில் குதிரை செய்து, அதில் ஏறி ஊர் நடுவே வந்து அறிவிப்பான். அது ஆணுக்கு மட்டும்தான். பெண் மடலேறக் கூடாது என்று தொல்காப்பியமே விதிக்கிறது. அந்த விதியை மீறிப் பெண் குரலில் இரண்டு மடல்களைப் பாடியவரும் ஓர் ஆண்தான், திருமங்கை ஆழ்வார். ஊர் கேட்கப் பேசும் உரிமை யாருக்கு என்பது நம் இலக்கணத்தில் அவ்வளவு பழைய கேள்வி.

மடல்களின் வடிவத்தை வைத்து ரேடியோ திரள்களை வகைப்படுத்திய கட்டுரை 1974இல் வந்தது. மொத்தம் 57 மூலங்களை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். ரேடியோ ஆற்றல் குறைந்தவற்றில் தாரை மையத்துக்கு அருகே பிரகாசமாகத் தொடங்கி, போகப் போகக் கலைந்து மங்குகிறது. ஆற்றல் மிகுந்தவற்றில் தாரை கலையாமல் ஓடி, மடலின் விளிம்பில்தான் பிரகாசிக்கிறது. முதல் வகைக்கு எஃப்ஆர் 1, இரண்டாம் வகைக்கு எஃப்ஆர் 2 என்று பெயர். அரை நூற்றாண்டு கடந்தும் இந்தப் பிரிவைத்தான் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. எஃப் என்பது பெர்னி ஃபனரோஃப். ஆர் என்பது ஜூலியா ரைலி, கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பெண் வானியலாளர். என் தோழி இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, “மேடம், ‘ஆர்’னு போட்டா எப்படித் தெரியும்?” என்றாளாம். தெரியாதுதான். முதல் எழுத்துக்கு முகம் கிடையாது. முகம் இல்லாத இடத்தில் நாம் எல்லோரும் ஓர் ஆணின் முகத்தை வரைந்துகொள்கிறோம்.

அதே 1974இல், அதே கேம்பிரிட்ஜின் ரேடியோ வானியலாளர்கள் மார்ட்டின் ரைல், ஆண்டனி ஹியூயிஷ் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹியூயிஷின் பங்களிப்பாகச் சொல்லப்பட்டது பல்சார் கண்டுபிடிப்பு. பல்சாரை முதலில் பார்த்தவர் அவருடைய ஆய்வு மாணவி ஜோசலின் பெல். அந்த ஆண்டெனா வயல் உண்மையில் குவாசார்களைத் தேடுவதற்காகக் கட்டப்பட்டது. நாலரை ஏக்கர் பரப்பில் கம்பங்களை நட்டு, சம்மட்டி பிடித்து அடித்துக் கட்டியவர்களில் ஜோசலினும் ஒருவர். 1967இல் நீளம் நீளமாக வந்து விழுந்த வரைதாளில் அரை அங்குலத்துக்கு ஒரு கிறுக்கல். குவாசார் மாதிரியும் இல்லை, பூமியிலிருந்து வரும் குறுக்கீடு மாதிரியும் இல்லை. அதை விடாமல் பின்தொடர்ந்ததுதான் கண்டுபிடிப்பு. செய்தியாளர்கள் வந்தபோது ஹியூயிஷிடம் அறிவியலைக் கேட்டார்கள். ஜோசலினிடம் காதலர்கள் எத்தனை பேர், தலைமுடி என்ன நிறம் என்று கேட்டார்கள். 2018இல் தனக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசுத் தொகை முழுவதையும், இயற்பியலில் இடம் மறுக்கப்படுகிற மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு அவர் கொடுத்துவிட்டார். பெண்களும் சிறுபான்மையினரும் அகதிகளும் அந்த உதவித்தொகையில் படிக்கிறார்கள்.

*

கையேட்டில் நான் அதிக நேரம் நின்ற பக்கம் கோணம் பற்றியது.

பிளாசார், குவாசார், ரேடியோ திரள் என்று தனித்தனிப் பெயர்களால் அழைக்கப்பட்ட பலவும் அடிப்படையில் ஒரே மாதிரிப் பொருள்கள்தாம் என்று வானியலாளர்கள் பின்னர் கண்டுகொண்டார்கள். தாரை நேராக நம்மை நோக்கி இருந்தால் கண்ணைக் கூசும் பிளாசார். சற்றே சாய்ந்திருந்தால் குவாசார். பக்கவாட்டில் இருந்தால், நடுவைச் சுற்றியுள்ள தூசி வளையம் மையத்தை மறைத்துவிட, இரு புறமும் மடல்களோடு ரேடியோ திரளாகத் தெரிகிறது. பொருள் ஒன்று, பார்க்கிற கோணம் வேறு. இந்த ஒருங்கிணைந்த விளக்கத்தைத் தொகுத்து 1995இல் வந்த புகழ்பெற்ற கட்டுரையை எழுதிய இருவரில் ஒருவர் மெக் யூரி. யேல் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் நிரந்தரப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண். அறிவியலில் பெண்களின் இடத்துக்காகத் தொடர்ந்து பேசி வருபவரும் அவர்தான்.

எம்87இன் படத்தில் ஒரு தாரைதான் தெரிகிறது. எதிர்த்திசைத் தாரை இல்லையென்று அர்த்தமில்லை. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் ஒன்று நம்மை நோக்கி வந்தால் பல மடங்கு பிரகாசமாகவும், விலகிப் போனால் பல மடங்கு மங்கலாகவும் தெரியும். அது இயற்கை விதி.

இதைப் படித்ததும் எனக்குள் இருந்த கவிதை எழுதுகிறவள் விழித்துக்கொண்டாள். தோழி உடனே தடுத்தாள். “அக்கா, கேலக்ஸியப் பொம்பள ஆக்கிராதீங்க. அதுக்கு ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது.” சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். நிலவையும் ஆற்றையும் பெண்ணாக்கி நம்மை ஏற்கெனவே போதுமான அளவு படுத்திவிட்டார்கள். அந்த வரிசையில் குவாசாரையும் நிறுத்த வேண்டாம். நான் எடுத்துக்கொள்வது வேறு. வானியலாளர்கள் தாங்கள் வைத்த பெயர்களைத் தாங்களே திரும்பக் கேள்வி கேட்டார்கள். ‘இது இப்படிப்பட்டது’ என்று சொல்வதற்கு முன் ‘நாம் எங்கே நிற்கிறோம்’ என்று கேட்டார்கள். வீட்டில் அடங்காதவள், வெளியே அமைதியானவள், வகுப்பில் கண்டிப்பானவள், மாமியார் வீட்டில் வாய் உள்ளவள் என்று ஒரே பெண்ணுக்கு நாலு பெயர் வைக்கிறவர்கள் யாரும், தாங்கள் நிற்கும் இடத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்டுக்கொள்வதில்லை.

*

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப்பின் தலைமையில் கட்டப்பட்டு 1970இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 வளைந்த சட்டங்கள்மீது மெல்லிய எஃகுக் கம்பிகள் வரிசையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. ஸ்வரூப் 1950களில் சிட்னியில், ரூபி வேலை பார்த்த அதே ஆய்வகத்தில் பயிற்சி பெற்றவர். அவர் போனபோது ரூபி அங்கே இல்லை.

குவாசார்களின் கதையில் நிலவுக்கும் ஒரு பங்கு உண்டு. ரேடியோ மூலம் ஒன்றின் முன்னால் நிலவு நகர்ந்து அதை மறைக்கும் கணத்தைத் துல்லியமாகக் குறித்தால், அது வானத்தில் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று கணக்கிடலாம். 1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்டின் குழு 3சி 273 என்ற மூலத்தின் இடத்தை இப்படித்தான் குறித்தது. 1963இல் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையைப் படித்து, அது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது என்று சொன்னார். குவாசார் என்றால் என்னவென்று தெரிந்தது அன்றுதான். முத்தோரைத் தொலைநோக்கியும் இந்த முறைக்காகவே கட்டப்பட்டது. நிலவு மறைத்த நூற்றுக்கணக்கான மூலங்களை அது அளந்தது. மங்கலான மூலங்கள் கோண அளவில் சிறியவையாக இருக்கின்றன என்று 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் காட்டினார்கள். பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை, மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்றாயிற்று.

இயற்பியல் துறை மாணவிகளை அங்கே கூட்டிப் போனார்கள். கூட ஒரு பெண் ஆசிரியர் வேண்டும் என்று என்னையும் அழைத்தார்கள். 22 பேர் பெயர் கொடுத்தார்கள். 15 பேர் வந்தார்கள். இரவு தங்க வேண்டும் என்றதும் ஏழு வீடுகளில் கையெழுத்துக் கிடைக்கவில்லை. வராதவர்களில் ஒருத்தி, நாங்கள் திரும்பிய மறுநாள் தமிழ்த்துறை வாசலில் வந்து நின்றாள். “மேடம், சாய்வா இருந்துச்சா?” என்றாள். ஆமாம், மலைச்சரிவில் படுத்த மாதிரி இருந்தது என்றேன். “அந்தச் சரிவு 11 டிகிரி மேடம். அந்த ஊரோட அட்சரேகையும் 11. அதனால அதோட நீள அச்சு பூமியோட அச்சுக்கு இணையா ஆயிருது. ஒரே ஒரு பக்கம் சுழற்றினாப் போதும், ஒன்பது மணி நேரத்துக்கு மேல ஒரே நட்சத்திரத்த விடாமப் பாக்கலாம்.” கையைச் சாய்த்து வைத்து, மறு கையைச் சுழற்றிக் காட்டினாள். அங்கே போய் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த எனக்கு, போகாத அவள் சொல்லித்தான் அது ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்கியது.

அந்தத் தொலைநோக்கி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ், தாழ்ந்த அலைவரிசை. தாழ்ந்த அலைவரிசைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கருந்துளைக்கு உணவு தீர்ந்து தாரைகள் நின்றுபோன பிறகும் மடல்கள் உடனே அணைவதில்லை. வேகமான எலக்ட்ரான்கள்தாம் முதலில் ஆற்றலை இழக்கின்றன. ஆகவே உயர்ந்த அலைவரிசையில் அந்தத் திரள் சீக்கிரம் மறைந்துவிடும். தாழ்ந்த அலைவரிசையில் அதன் பிறகும் கோடிக்கணக்கான ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருக்கும். முடிந்துவிட்டது என்று எழுதப்பட்டவற்றைத் தேட, வானியலாளர்கள் கீழே இறங்கிக் கேட்கிறார்கள்.

மே மாத இரவுகளில் நம் ஊரிலிருந்தே தெற்கே பார்த்தால் சென்டாரஸ் ஏ இருக்கும் பகுதி தெரியும். அதன் மடல்கள் வானத்தில் முழுநிலவைப் போல் பத்து மடங்குக்கும் மேல் நீளமானவை. நம் கண்ணுக்கு அங்கே வெறும் இருட்டு.

அந்த மாணவி இப்போது இறுதியாண்டு. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். “கல்யாணத்துக்கப்புறம் எம்.எஸ்சி. படிக்க வைக்கிறோம்னு சொல்றாங்க மேடம். அத எழுதி வாங்க முடியுமா?” என்று என்னிடம் கேட்டாள். ஒப்பந்தங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முதலில் விண்ணப்பம் போடு, விடுதிக்கும் சேர்த்துப் போடு, மற்றதைப் பிறகு பேசலாம் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தோழியும் அவள் வீட்டுக்குப் போனோம். அப்பா ஒரு மணி நேரம் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். வெளியூர், காலம் கெட்டுக் கிடக்கிறது, இவளுக்குப் பின்னால் ஒரு தங்கை, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அம்மா காபி கொடுத்தார்கள், டம்ளர்களை எடுத்துப் போனார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நாங்கள் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்தார்கள். உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்கள்.

“ஃபார்ம் போடக் கடைசித் தேதி என்னைக்கு, டீச்சர்?”

சொன்னோம். எழுதிக்கொள்ளக் கையில் ஒன்றும் இல்லை. உதடு மட்டும் அசைய, இரண்டு முறை அந்தத் தேதியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.